டிடிசி, ஈவான்ஸ் ப்ளூ, ஜேனஸ் கிரீன்: பாரிமுனையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

செடியின் செல் எப்படிச் சாகிறது, அதில் செல்லின் சுவாசம் நடக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு என்ன என்று ப்ராஜெக்ட் எடுத்துக்கொண்டு பாரிமுனைக் கெமிக்கல் கடை வாசலில் வந்து நிற்கும் தாவரவியல் மாணவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவைக்கும் ஆசிரியர்களுக்காகவும் எழுதியது இது. ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் கைவசம் இருப்பவர்களுக்கு ரோடமின் 123, டிஎம்ஆர்எம், மைட்டோடிராக்கர் என்று வேறு வழிகள் உண்டு. பிராட்வேயிலும் வியாசர்பாடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் இளங்கலை லேப் என்றால் சாதாரணமாக ஒரு கலரிமீட்டர், ஒரு வாட்டர் பாத், 40 எக்ஸ் லென்ஸ் உள்ள மைக்ரோஸ்கோப் இவ்வளவுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன பார்க்க முடியும் என்பதே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செல் சுவாசிக்கிறதா என்று காட்டும் டிடிசி 10 கிராம், செல் சவ்வு உடைந்ததா என்று காட்டும் ஈவான்ஸ் ப்ளூ 5 கிராம், இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். ஒன்றை மட்டும் வாங்கினால் அந்தப் பணமும் வீண், ஒரு செமஸ்டரும் வீண். மைட்டோகாண்ட்ரியாவைப் பச்சைப் புள்ளிகளாகக் காட்டும் ஜேனஸ் கிரீன் பி வகுப்பில் காட்டுவதற்கு நல்ல சாயம். அளவெடுக்கும் வேலைக்கு அதை நம்ப வேண்டாம்.

ஏன் இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்பதற்கான காரணம் செடியின் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. விலங்கு செல்லில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே வந்தால், அது செல்லைச் சாகடிக்கும் கேஸ்பேஸ் என்ஸைம்களை முடுக்கிவிடும். அதன்பின் செல்லுக்குத் திரும்பும் வழி இல்லை. செடியில் அசல் கேஸ்பேஸ் கிடையாது. மைட்டோகாண்ட்ரியாவின் கதவைத் திறந்து மூடும் பிசிஎல்-2 குடும்பப் புரதங்களும் கிடையாது. அவற்றின் இடத்தில் கேஸ்பேஸின் தூரத்து உறவான மெட்டாகேஸ்பேஸ்களும், செல்லின் பெரிய நீர்ப்பையான வாக்குவோலுக்குள் இருக்கும் விபிஇ என்ற என்ஸைமும் வேலை செய்கின்றன. கடைசிக் கட்டத்தைப் பெரும்பாலும் வாக்குவோலே முடித்துவைக்கிறது. அது கிழிந்ததும் உள்ளே இருக்கும் செரிமான என்ஸைம்கள் செல்லைக் கரைத்துவிடும். செல்சுவர் இருப்பதால் பக்கத்துச் செல் வந்து மிச்சத்தை விழுங்கிச் சுத்தம் செய்யவும் முடியாது.

இதைப் படித்துவிட்டு, செடியில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேலையே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. சூடு காட்டிய வெள்ளரியில் சைட்டோகுரோம் சி வெளியேறுவது 1999-இல் பதிவானது. விலங்கு செல்லில் சாவைத் தூண்டும் பேக்ஸ் புரதத்தைப் புகையிலைச் செல்லில் உற்பத்தியாக வைத்தபோது, நோய் எதிர்ப்பில் வரும் திடீர்ச் சாவைப் போன்ற ஒரு சாவு வந்ததும் அதே ஆண்டில்தான். 2001-இல் சூரியகாந்தியில் இன்னும் தெளிவான ஒரு காட்சி கிடைத்தது. பிஇடி1 என்ற ஆண்மலட்டு வகையில், மகரந்தப் பையின் உள் உறையான டபீட்டம் செல்கள் நேரத்துக்கு முன்பே சாகின்றன. அதற்கு முன்னோடியாகச் சைட்டோகுரோம் சி மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே வருகிறது. வீரிய ஒட்டு நெல்லுக்கு ஆதாரமான காட்டு நெல் ஆண்மலட்டிலும் இதற்கு நெருங்கிய கதைதான்: டபிள்யூஏ352 என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் காக்ஸ்11 புரதத்தோடு சேர்ந்து டபீட்டத்தை முன்கூட்டியே சாகடிக்கிறது. செங்குன்றம் மில்களுக்கு வரும் நெல்லில் வீரிய ஒட்டு ரகம் இருந்தால், அதன் விதை உற்பத்திக்குப் பின்னால் இப்படி ஒரு மைட்டோகாண்ட்ரியா இருக்க இடமுண்டு.

ஆக, மைட்டோகாண்ட்ரியா முதலில் சீர்குலைகிறது, செல் சவ்வு பிறகு உடைகிறது. செல் தன்னைத்தானே படிப்படியாக முடித்துக்கொள்ளும் திட்டமிட்ட சாவில் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். கொதிநீர் ஊற்றியதுபோல் செல் ஒரேயடியாக வெந்து சாகும் நெக்ரோசிஸில் அந்த இடைவெளி இருக்காது. டிடிசி முதல் நிகழ்வைக் காட்டும், ஈவான்ஸ் ப்ளூ இரண்டாவதைக் காட்டும். நாம் அளக்கப் போவது அந்த இடைவெளியை.

கடையில் கவனிக்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் வார நாளில் போங்கள். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட ஒரு தாளில் எண்ணை எழுதிக் கொடுப்பது நல்லது. டிடிசி என்பது 2,3,5-டிரைஃபீனைல் டெட்ராசோலியம் குளோரைடு; அதன் சிஏஎஸ் எண் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாக உள்ள பதிவு எண்) 298-96-4. ஈவான்ஸ் ப்ளூவுக்கு 314-13-6. ஜேனஸ் கிரீன் பிக்கு 2869-83-2. சாயங்களுக்குக் கலர் இண்டெக்ஸ் எண்ணும் உண்டு: ஈவான்ஸ் ப்ளூ 23860, ட்ரைபான் ப்ளூ 23850, ஜேனஸ் கிரீன் பி 11050. லேபிளில் இந்த எண் இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஈவான்ஸ் ப்ளூ இருப்பில் இல்லையென்றால், “எல்லாம் நீலம்தான் தம்பி, இதை எடுத்துட்டுப் போங்க” என்று மெத்திலீன் ப்ளூவை எடுத்துக் கொடுப்பது நடக்கக்கூடியது. மெத்திலீன் ப்ளூ உயிருள்ள செல்லுக்குள்ளும் தாராளமாகப் போகும். சவ்வு உடைந்ததா இல்லையா என்று அது சொல்லாது. அனிலின் ப்ளூவும் இந்த வேலைக்கு ஆகாது. ட்ரைபான் ப்ளூ ஓரளவு மாற்றாக நிற்கும். ஆனால் உயிருள்ள செல்லை அது ஈவான்ஸ் ப்ளூவைவிட அதிகம் துன்புறுத்துகிறது. ஜேனஸ் கிரீன் என்று கேட்டு மாலகைட் கிரீனோடு திரும்பி வருவதும் இதே வகைத் தவறுதான்.

டிடிசி தூள் வெள்ளையாகவோ லேசான பால் மஞ்சளாகவோ இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் மஞ்சளும் சிவப்பும் ஏறும். பழுப்புக் கண்ணாடி பாட்டில் அல்லது கறுப்பு உறை, உடையாத சீல், லாட் எண் மூன்றையும் பாருங்கள். பெரிய டப்பாவிலிருந்து அள்ளி பாலித்தீன் கவரில் கட்டித் தரும் லூஸ் சரக்கு, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஈவான்ஸ் ப்ளூ, ஜேனஸ் கிரீன் இரண்டுக்கும் லேபிளில் சாயத்தின் சதவீதம் போட்டிருக்கும். மீதி உப்பும் ஈரமும். அந்த எண் லாட்டுக்கு லாட் மாறும் என்பதால், ஒரு ப்ராஜெக்ட் முழுவதும் ஒரே பாட்டிலில் ஓட்டுங்கள்.

அளவுக் கணக்கு எளிது. 10 கிராம் டிடிசியில் 0.5 சதவீதக் கரைசல் 2 லிட்டர் வரும். குழாய்க்கு 5 மில்லி என்றால் 400 குழாய். 5 கிராம் ஈவான்ஸ் ப்ளூவில் 0.25 சதவீதம் 2 லிட்டர். ஜேனஸ் கிரீன் 0.01 சதவீதத்தில் வேலை செய்வது. 1 கிராம் வாங்கினாலே 10 லிட்டர் ஆகிவிடும். அதில் பெரிய பாட்டில் வாங்குவது பணத்தைக் கடலில் போடுவதுதான்.

டிடிசி

இதன் வேலை ஒரே வரியில் அடங்கும். நிறமற்ற டிடிசி செல்லுக்குள் போய், சுவாசத்தின் எலக்ட்ரான்களைப் பெற்று, ஃபார்மசான் என்ற சிவப்பு நிறப் பொருளாக மாறும். டீஹைட்ரஜினேஸ் என்ற சுவாச என்ஸைம்களும் எலக்ட்ரான் கடத்தும் சங்கிலியும் ஓடிக்கொண்டிருந்தால் சிவப்பு, நின்றுவிட்டால் வெள்ளை. விதைப் பரிசோதனை நிலையங்களில் முளைப்புத் திறன் பார்ப்பது இதே சாயத்தில்தான். 1940-களில் ஜெர்மனியில் கெயோர்க் லாகோன் தொடங்கிவைத்த முறை அது.

பிஹெச்சை நிலையாக வைக்கும் பஃபர் கரைசல் இல்லாமல் தொடங்காதீர்கள். வெறும் தண்ணீரில் கரைத்தால் பிஹெச் நிலையாக நிற்காது. 6.5-க்குக் கீழே போனால் நிறம் சோகையாக வரும். காரப் பக்கம் ஏறினால், திசுவில் இருக்கும் குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளே உயிரின் உதவி இல்லாமல் டிடிசியைச் சிவப்பாக்கிவிடும். 0.05 மோலார் பாஸ்பேட் பஃபர், பிஹெச் 7.4, 100 மில்லி தயாரிக்க நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.575 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.13 கிராம் போதும். முதல் உப்பின் பாட்டிலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 2 நீர்மூலக்கூறு உள்ள டைஹைட்ரேட் என்றால் 0.72 கிராம், 12 உள்ளது என்றால் 1.45 கிராம் எடுக்க வேண்டும். இந்த இடத்தில் நடக்கும் பிழைதான் ‘டிடிசி வேலை செய்யவில்லை’ என்ற புகாராகக் கடைக்காரர் தலையில் விழுகிறது. பிஹெச் மீட்டரில் சரிபார்த்த பிறகு 0.5 கிராம் டிடிசி, திசு நன்றாக நனைய ஒரு சொட்டு ட்வீன் 20 சேர்த்து, பாட்டிலை அலுமினியத் தாளில் சுற்றுங்கள்.

திசுவுக்குப் பச்சைப்பயறைவிடச் சுலபமானது இல்லை. கடையில் வாங்கும் வெள்ளைப்படுத்தும் திரவத்தை 1 சதவீத ஹைப்போகுளோரைட்டாக நீர்த்து, பயறை அதில் 5 நிமிடம் வைத்து, ஐந்தாறு முறை அலசி, ஈரத்தாளில் இருட்டில் முளைக்க விடுங்கள். மூன்றாம் நாள் வேர் நன்றாக நீண்டிருக்கும். நுனியிலிருந்து சரியாக 1 சென்டிமீட்டர் வெட்டி, வடிதாளில் ஒற்றி, 100 மில்லிகிராம் நிறுத்துக் குழாயில் போட்டு, 5 மில்லி டிடிசி ஊற்றுங்கள். இருட்டில், 30 முதல் 35 டிகிரியில், 2 மணி நேரம்.

அந்த ஹைப்போகுளோரைட் படியை யாரும் தாண்டக் கூடாது. முளைவிட்ட பயறின்மேல் படியும் வழவழப்பு முழுக்கப் பாக்டீரியா; அதுவும் டிடிசியைச் சிவப்பாக்கும். வெளிநாட்டு முறைகளில் இரவு முழுவதும், 15 மணி நேரம் ஊறவைக்கச் சொல்லியிருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அப்படி வைத்தால் காலையில் நீங்கள் அளப்பது வேரின் சுவாசமாக இருக்காது, பாக்டீரியாவின் சுவாசமாக இருக்கும். 2 மணி நேரம் போதும், 4 மணியைத் தாண்ட வேண்டாம். அந்த முறைகளில் ‘அறை வெப்பம்’ என்று எழுதியிருப்பது 20 முதல் 25 டிகிரி. ராயபுரத்தில் மே மாதம் லேப் மேசைமேல் இருக்கும் வெப்பம் வேறு, டிசம்பரில் இருப்பது வேறு. இரண்டு மாதத்து எண்களை ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

நல்ல வேர் எப்படி இருக்கும் தெரியுமா? முனையிலிருக்கும் தொப்பி வெளிறி இருக்கும். அதற்கு மேலே 2 மில்லிமீட்டர் அளவுக்கு அடர்ந்த குங்குமச் சிவப்பு; அதுதான் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும் இடம், சைட்டோபிளாசமும் மைட்டோகாண்ட்ரியாவும் நெருக்கியடித்து இருக்கும் இடம். அதற்கும் மேலே வாக்குவோல் பெருத்த நீண்ட செல்கள். அங்கே சிவப்பு இளஞ்சிவப்பாகத் தேய்ந்துவிடும். ஒரு மாணவர் 8 மில்லிமீட்டரும் இன்னொருவர் 15 மில்லிமீட்டரும் வெட்டினால், கிராமுக்கு வரும் எண் தானாகவே மாறிப்போவது இதனால்தான்.

நிறத்தை அளக்க, சாயத்தைக் கொட்டி அலசி, 5 மில்லி 95 சதவீத எத்தனாலில் வேர்நுனிகளைப் போட்டு, 80 டிகிரி வாட்டர் பாத்தில் திசு வெளுக்கும்வரை 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். அடுப்புச் சுடர் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. எத்தனால் அனுமதி இல்லாத கல்லூரியில் மெத்தனால் போதும். அது 65 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் பாத்தை 60-இல் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். 485 நானோமீட்டரில் ஓடி (சாறு ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற அளவு) எடுங்கள். கலரிமீட்டரில் 490 ஃபில்டர் சரியாக இருக்கும். ஓடி 1-ஐத் தாண்டினால் நீர்த்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

பூஜ்யம் வைக்க வெறும் எத்தனாலைப் பயன்படுத்தாதீர்கள். 10 நிமிடம் கொதிக்கவைத்த வேரையும் எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுவந்து, அதன் சாற்றை வைத்தே பூஜ்யம் வையுங்கள். கொதித்த வேரே சிவந்தால் அன்றைய வேலையை அத்துடன் நிறுத்திவிட்டுப் பிஹெச்சையும் சுத்தத்தையும் பாருங்கள். பச்சை இலையை இதில் போட வேண்டாம். இலையின் நிறமிகள் அதே ஒளியை உறிஞ்சிக் கணக்கைக் கெடுக்கும்.

இந்தச் சாயத்தைப் பற்றி ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு தவறான வாக்கியம்: ‘மைக்ரோஸ்கோப்பில் தெரியும் சிவப்புப் புள்ளிகள் மைட்டோகாண்ட்ரியா.’ அப்படிச் சொல்ல முடியாது. ஃபார்மசான் உருவான இடத்திலேயே நிற்காது. கொழுப்பில் கரைந்து, நகர்ந்து, ஊசியாகப் படிகமாகும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே இருக்கும் டீஹைட்ரஜினேஸ்களின் பங்கும் அந்தச் சிவப்பில் உண்டு. அதைப் பிரித்துக் காட்டுகிறேன் என்று சயனைடு, அசைடு பக்கம் இளங்கலை லேப் போகவே கூடாது. போனாலும் முழுப் பலன் கிடைக்காது. செடியின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆல்டர்நேட்டிவ் ஆக்ஸிடேஸ் என்ற சயனைடுக்கு அசராத மாற்றுப் பாதை ஒன்று இருக்கிறது.

ஈவான்ஸ் ப்ளூ

இதில் கெட்டுப்போக அதிகம் இல்லை. அதனாலேயே மூன்றில் மிகவும் நம்பகமான சரக்கு இதுதான். 0.25 கிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வடிகட்டுங்கள். சவ்வு நன்றாக இருக்கும் செல்லுக்குள் இந்தச் சாயம் போகாது. உடைந்திருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். 15 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றி அரைமணி நேரம் அலசினால் போதும். கடைசித் தண்ணீரில் நீலம் இறங்காமல் இருக்க வேண்டும். அலசல் குறைந்தால் செல்சுவரில் ஒட்டிய சாயமும் சாவுக் கணக்கில் ஏறிவிடும்.

வெட்டிய வேரைச் சாயத்தில் போடாதீர்கள். வெட்டுவாய் எப்போதும் நீலமாகும். கத்தி கொன்ற செல்களை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். முழு நாற்றை வேரோடு சாயத்தில் தொங்கவிட்டு, அலசி முடித்த பிறகு 1 சென்டிமீட்டர் வெட்டுங்கள். ஆரோக்கியமான வேரிலும் நுனித் தொப்பியின் வெளிச் செல்கள் கொஞ்சம் நீலமாக இருக்கும். அவை உதிர்ந்துகொண்டே இருப்பவை. அதற்காகச் சூடு காட்டாத கட்டுப்பாட்டு வேரின் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அளப்பதற்கு: 1 கிராம் எஸ்டிஎஸ்ஸை (சோடியம் டோடெசில் சல்பேட்) 50 மில்லி தண்ணீரில் கரைத்து, அதன்பின் 50 மில்லி மெத்தனால் சேருங்கள். இதில் 5 மில்லி ஊற்றி, வேர்நுனிகளை 50 டிகிரியில் அரைமணி நேரம் வைத்தால் நீலம் இறங்கும். 600 நானோமீட்டரில் ஓடி. இங்கே முழுச் சாவு என்பதற்கு அளவுகோல் கொதிக்கவைத்த வேர்தான். அதை 100 என்று வைத்து மற்றதைச் சதவீதமாக எழுதலாம்.

ஒரு வேரை மெதுவாக நசுக்கி 40 எக்ஸில் பாருங்கள். உயிருள்ள செல் கண்ணாடிபோல் இருக்கும். செத்த செல்லில் நியூக்ளியஸ் அடர் நீலமாகக் கறுத்து நிற்கும். சைட்டோபிளாசம் சுவரைவிட்டுச் சுருங்கி உள்ளே கட்டியாகிக் கிடக்கிறதா, சுவர்வரை பரவிக் கிடக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுருங்கிய செல் திட்டமிட்ட சாவுக்கு அடையாளம், சுருங்காதது நெக்ரோசிஸ். உப்பிலோ சர்க்கரையிலோ வைத்த வேரில் நீர் வெளியேறிச் செல் சுருங்கும் பிளாஸ்மோலிஸிஸும் இதே தோற்றத்தைக் கொடுக்கும். உயிருள்ள செல் தண்ணீரில் வைத்தால் மீண்டும் விரிந்துவிடும், செத்தது விரியாது. சாயம் போடுமுன் 10 நிமிடம் தண்ணீரில் வைத்தால் இந்தச் சந்தேகம் தீரும்.

இரண்டையும் சேர்த்து ஓட்டுவது

முளைத்த நாற்றுகளை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். ஒன்று சூடில்லாமல். ஒன்று 50 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம். ஒன்று 80 டிகிரியில் 10 நிமிடம். பிறகு எல்லாவற்றையும் ஈரத்தாளுக்குத் திருப்பி, 0, 2, 4, 8, 24 மணி நேரத்தில் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு பங்கு டிடிசிக்கு, ஒரு பங்கு ஈவான்ஸ் ப்ளூவுக்கு. ஒரே வேரை இரண்டுக்கும் பயன்படுத்த முடியாது. டிடிசியே செல்லுக்கு நஞ்சு.

80 டிகிரிக் கூட்டத்தில் சிவப்பு இல்லாமையும் நீலமும் முதல் அளவிலேயே ஒன்றாக வரும். நடுக்கூட்டம்தான் நாம் தேடுவது: சிவப்பு குறையத் தொடங்கிய பிறகும் நீலம் கொஞ்ச நேரம் தாழ்ந்தே இருந்து, பிறகு ஏறும். ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் செல்களில் 55 டிகிரி 10 நிமிடச் சூடு திட்டமிட்ட சாவைத் தூண்டும் என்பது நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு செடிக்கும் அந்த எல்லை வேறு. அதனால் முதல் வாரம் முழுவதையும் 40, 45, 50, 55, 60 என்று எல்லை தேடவே ஒதுக்குங்கள். இடைவெளி தெரியவில்லை என்று வருபவர்களில் பலர் இந்த வாரத்தை மிச்சப்படுத்தியவர்கள். வாட்டர் பாத்தின் முள்ளை நம்பாதீர்கள். குழாய்க்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

இந்த ஜோடியின் பெரிய குறை நேரம். டிடிசிக்கே 2 மணி நேரம் ஊற வேண்டியிருப்பதால், 0 மணி அளவு உண்மையில் 0 முதல் 2 வரையிலான சராசரி. 1 மணி நேரமாகக் குறைத்தால் நிறம் மங்கும், ஆனால் நேரம் கூர்மையாகும்; இந்த வேலைக்கு அதுவே மேல். சூட்டை உடனே நிறுத்த ஐஸ் வேண்டுமென்றால் காசிமேட்டு ஐஸ் போதும், குழாய்க்கு வெளியே மட்டும்.

சூட்டுக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு பயன்படுத்துபவர்களுக்கு: மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று விற்பது 6 சதவீதம், ஏறக்குறைய 1.76 மோலார். 10 மில்லிமோலார் 100 மில்லிக்கு 0.57 மில்லி எடுத்தால் போதும். திறந்து மாதக்கணக்கில் வெயிலில் நின்ற பாட்டிலில் பெராக்ஸைடு பெரிதாக மிச்சமிருக்காது. டிடிசிக்குப் போகுமுன் மூன்று முறை அலசுங்கள். ஒட்டியிருக்கும் பெராக்ஸைடு சிவப்பைக் குறைத்துக்காட்டும்.

எண்ணூர் கழிமுகத் தண்ணீரை வைத்து வேர் சாகிறதா என்று பார்க்கும் ப்ராஜெக்டுகளுக்கும் இந்த ஜோடி பொருந்தும். அங்கே பலர் சறுக்கும் இடம் உப்பு. கடல் ஏற்றம் உள்ள தண்ணீர் என்பதால் அந்த உப்பே பயறு வேரைக் கொன்றுவிடும். அதே மின்கடத்துதிறன் வரும்வரை சோடியம் குளோரைடு கலந்த தண்ணீரை இன்னொரு கட்டுப்பாடாக வைக்காமல், அனல்மின் நிலையச் சாம்பல் கொன்றது, உலோகம் கொன்றது என்று எழுதினால் அந்த முடிவு நிற்காது. அங்கே வாழ்கிறவர்களின் வாதத்துக்குத்தான் அது பலவீனம்.

ஜேனஸ் கிரீன் பி

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இந்தச் சாயத்தை 1900-இல் மிஹாயேலிஸ் பயன்படுத்திக் காட்டினார். மைட்டோகாண்ட்ரியாவிலிருக்கும் சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ் இதை ஆக்ஸிஜனேற்றிய நிலையில், நீலப்பச்சையாக வைத்திருக்கும். சைட்டோபிளாசத்தின் மற்ற இடங்களில் அது ஒடுக்கமடைந்து நிறமிழக்கும். வெங்காயத்தின் உட்புறத் தோலை, 7 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் கலந்த 0.01 சதவீதச் சாயத்தில் 5 முதல் 10 நிமிடம் வைத்து, கவர்ஸ்லிப் போட்டுப் பாருங்கள். நியூக்ளியஸைச் சுற்றியுள்ள சைட்டோபிளாச இழைகளில் 1 மைக்ரான் அளவுப் பச்சைப் புள்ளிகள் வரிசையாக ஓடும். ஓட வேண்டும் என்பது முக்கியம். ஓட்டம் நின்றால் செல் போய்விட்டது.

0.1 சதவீதத்தில் போட்டால் எல்லாமே நீலமாகி எதுவும் தெரியாது. கவர்ஸ்லிப் ஓரத்தை நெய்ல்பாலிஷால் அடைத்தால் ஆக்ஸிஜன் தீர்ந்து புள்ளிகள் மறையும், சில நேரம் இளஞ்சிவப்பாகும். நிறம் போனது சாவினாலா, மூச்சுமுட்டியதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. சாகப்போகும் செல்லில் மைட்டோகாண்ட்ரியா முன்கூட்டியே வீங்கும் என்பது அராபிடாப்சிஸில் 2008-இல் வெளியான செய்தி. அதைக் காட்டியது ஒளிரும் புரதம். ஜேனஸ் கிரீனே மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும் என்பதால், அந்த வீக்கத்தை இதில் அளந்தேன் என்று யாரும் எழுத வேண்டாம்.

சாவைத் தூண்டாமல், இயல்பாக நடப்பதையே காட்ட விரும்பினால் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விசாரியுங்கள். மடகாஸ்கர் சல்லடைச் செடி, அப்போனோஜீட்டன் மடகாஸ்கரியென்ஸிஸ், தன் இலையில் தானே ஓட்டை போட்டுக்கொள்ளும். நரம்புகளுக்கு நடுவே இருக்கும் செல்கள் திட்டமிட்டுச் சாகின்றன. இளம் இலை மெல்லியதாக இருப்பதால் வெட்டாமலே மைக்ரோஸ்கோப்பில் வைக்கலாம். அப்போனோஜீட்டன் என்ற பெயரில் அதிகம் விற்பது க்ரிஸ்பஸ். அதன் இலை நெளியுமே தவிர ஓட்டை விழாது. இலையைப் பார்க்காமல் கிழங்கை மட்டும் வாங்காதீர்கள்.

மூன்று சாயத்தையும் கையுறையோடுதான் எடுக்க வேண்டும். ஈவான்ஸ் ப்ளூ தூளை ஃபேனுக்குக் கீழே நிறுத்தால் மேசை, நோட்டு, சட்டை எல்லாம் மறுநாள் ஈரம் பட்டதும் நீலமாகும். ஃபேனை அணைத்துவிட்டு நிறுங்கள். கரைத்த டிடிசியை ஃப்ரிட்ஜில் இருட்டில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இளஞ்சிவப்பு ஏறியதைக் கொட்டிவிடலாம். கொட்டுவது சிங்க்கில் வேண்டாம். மெத்தனாலும் சாயமும் கலந்த கழிவுக்கு மூடியுள்ள தனிக் கேன், அதன்மேல் தேதியும் பெயரும் எழுதிய லேபிள், நிறைந்ததும் ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம்.